ஐஆர்சி-யில் கேட்டால் யாருமே பதில் சொல்வதில்லையா?

லினக்ஸில் ஏதாவது மக்கர் செய்தால், அந்த மென்பொருளை எழுதியவர்களிடமே நேராகக் கேட்க ஐஆர்சி-யில் இன்னமும் வழி இருக்கிறது. 1988-இல் பின்லாந்தில் பிறந்த அரட்டை முறை அது. வாட்ஸ்அப் பழக்கத்தோடு உள்ளே போகிறவர்கள்தான் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்புகிறார்கள்.

சிலர் வாசலையே தவறவிடுகிறார்கள். பழைய கையேடுகள் ஃப்ரீநோட் என்ற ஐஆர்சி நெட்வொர்க்குக்குத்தான் போகச் சொல்லும். 2021 மே மாதம், நெட்வொர்க் யாருடைய கையில் இருப்பது என்ற தகராறில் அதன் தன்னார்வ நிர்வாகிகள் கூண்டோடு விலகி லிபெரா சாட் என்ற புது நெட்வொர்க்கைத் தொடங்கினார்கள். தலைப்பு வரியில் லிபெராவின் பெயரைப் போட்டிருந்த நூற்றுக்கணக்கான சேனல்களை, அதாவது அரட்டை அறைகளை, ஃப்ரீநோட் பறித்துக்கொண்டது. தயங்கி நின்றவர்களும் அதோடு மூட்டை கட்டினார்கள். ஜென்டூ, ஆர்ச் போன்ற டிஸ்ட்ரோக்கள் (லினக்ஸ் வகைகள்) எல்லாம் லிபெராவுக்குப் போயின. டெபியன் 2006-லேயே ஓஎஃப்டிசி என்ற வேறொரு நெட்வொர்க்குக்குப் போய்விட்டது. மேட்ரிக்ஸ் என்ற இன்னொரு அரட்டை முறை வழியாக லிபெராவுக்குள் வரலாம் என்ற குறிப்பையும் நம்ப வேண்டாம். மேட்ரிக்ஸ் தரப்பு நடத்திய அந்தப் பாலம் 2023-இல் மூடப்பட்டது. அந்தந்தத் திட்டத்தின் இணையதளத்தில் இன்று என்ன முகவரி இருக்கிறதோ அதுவே சரி.

அடுத்தது, "ஹலோ சார், ஒரு டவுட் கேட்கலாமா?" மரியாதையாகத்தான் கேட்கிறோம். ஆனால் சேனலில் தெரியும் நூற்றுக்கணக்கான பெயர்களில் பலர் தூங்குகிறார்கள், மற்றவர்கள் வேலையில் இருக்கிறார்கள். இடையில் எட்டிப் பார்க்கும் ஒருவருக்கு அங்கே கேள்வியே கண்ணில் படவில்லை என்றால் எதற்குப் பதில் சொல்வார்? அனுமதி கேட்காமல் கேள்வியையே போடுங்கள். எந்த டிஸ்ட்ரோ, எந்தப் பதிப்பு, என்ன கட்டளை கொடுத்தீர்கள், வந்த பிழைச் செய்தி என்ன, அதுவரை என்னென்ன முயன்றீர்கள் என்பது இருக்க வேண்டும். "இன்ஸ்டால் ஆகவில்லை" என்பதை வைத்து யாராலும் எதுவும் செய்ய முடியாது. பதில் வரவில்லை என்று தனிச்செய்தியில் போய்த் தட்டுவதும் அங்கே பலருக்குப் பிடிக்காது.

கேட்டுவிட்டு ஐந்து நிமிடத்தில் கிளம்புவது இதைவிடப் பெரிய தவறு. நீங்கள் வெளியே இருந்தபோது பேசியதை ஐஆர்சி சர்வர் பொதுவாகச் சேமித்து வைத்துத் தராது. நமக்குக் காலை பத்து மணி என்றால் நியூயார்க்கில் நள்ளிரவு. பதில் சாயங்காலம் வரலாம். சாளரத்தைத் திறந்தே வையுங்கள், இல்லையென்றால் உங்களுக்குப் பதிலாக எப்போதும் இணைப்பில் இருந்து பேச்சைச் சேமிக்கும் இசட்என்சி போன்ற பவுன்சரை ஒரு சர்வரில் ஓடவிடுங்கள். சில சேனல்களின் பேச்சு பொதுவில் பதிவாகி இணையத்தில் நிற்கும். அதனால் போன் நம்பரையெல்லாம் அங்கே எழுத வேண்டாம்.

நாற்பது வரிப் பிழைச் செய்தியை அப்படியே ஒட்டினால் சர்வரே உங்களை வெளியே தள்ளிவிடும். நீளமான உரையை ஒட்டிவைக்க உதவும் பேஸ்ட் தளம் ஒன்றில் போட்டு இணைப்பை மட்டும் கொடுங்கள். தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ஒரு செய்திக்கு மொத்தம் 512 பைட்தான். 'க' என்பதற்கு 3 பைட், 'கொ' என்றால் 6. நீளமாக எழுதினால் வால் அறுந்து போகும், அனுப்பியவருக்கு அது தெரியாமலும் போகலாம்.

கடைசியாகக் கடவுச்சொல். பெயரைப் பதிவு செய்தால்தான் சில சேனல்களில் பேசவே முடியும், அதற்கு நிக்சர்வ் என்ற பதிவுச் சேவை இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் கட்டளையைக் கையால் அடித்து உள்நுழைகிறவர்கள், அதன் தொடக்கத்தில் வரும் சாய்கோட்டுக்கு (/) முன்னால் தெரியாமல் ஓர் இடைவெளி விட்டால் போச்சு. பல கிளையன்ட்களில் (ஐஆர்சி-க்குள் போகப் பயன்படும் மென்பொருள்கள்) கடவுச்சொல் சேனல் முழுக்கத் தெரிந்துவிடும். அழிக்கவும் வழியில்லை. கிளையன்ட் அமைப்பில் இணையும்போதே தானாக உள்நுழைய வைக்கும் எஸ்ஏஎஸ்எல்-ஐ இயக்கி, 6697 போர்ட்டில் டிஎல்எஸ் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாக இணைந்தால் இந்த வம்பே வராது. ஏற்கெனவே கொட்டிவிட்டதா? உடனே மாற்றுங்கள். அந்தக் கட்டளையையாவது சேனலில் அடிக்காமல் நிக்சர்வுடனான தனிச் சாளரத்தில் அடியுங்கள்.