தத்தெடுத்த தெருநாய் வீட்டுக்குப் பழகும்போது நாம் செய்யும் தவறுகள்

மல்லி எங்கள் வீட்டுக்கு வந்த முதல் நான்கு நாளும் வாஷிங் மெஷினுக்குப் பின்னால்தான் கிடந்தாள். சுவருக்கும் மெஷினுக்கும் நடுவே ஒரு முழம் இடம்கூட இருக்காது. அதற்குள் உடம்பைக் குறுக்கி, மூக்கை வாலுக்குள் புதைத்துப் படுத்திருப்பாள். செவலை நிறம், ஒன்றரை வயது. வண்டியில் அடிபட்டுப் பின்னங்கால் முறிந்து, காப்பகத்தில் இரண்டு மாதம் இருந்து தேறியவள். நாங்கள் பார்க்கப் போன அன்று கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று வாலாட்டினாள். வீட்டுக்குள் வந்ததும் அந்த வால் காலிடுக்கில் போய் ஒட்டிக்கொண்டது. கறிச்சோறு வைத்தோம், தொடவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டோம், திரும்பவில்லை. மூன்றாம் நாள் அம்மா, "இதுக்கு நம்மளப் பிடிக்கலயோ என்னமோ" என்றார்.

நாய் நன்றியுள்ள ஜீவன் என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். தெருவிலிருந்து ஒன்றைக் கூட்டி வந்து சோறும் பாயும் கொடுத்தால், அன்று சாயங்காலமே அது நம் காலடியில் வந்து படுக்கும் என்று மனம் எதிர்பார்த்துவிடுகிறது. நாயின் பக்கம் நின்று பாருங்கள். தன்னைக் காப்பாற்றினார்கள் என்று அதற்கு எப்படித் தெரியும்? தெரிந்த வாசனைகள், கூடத் திரிந்த நாய்கள், தினமும் பிஸ்கட் போட்ட டீக்கடை, எல்லாம் ஒரே நாளில் போய்விட்டன. யாரோ வண்டியில் ஏற்றினார்கள், கதவு சாத்திய அறையில் விட்டார்கள். அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். தத்தெடுத்த வீடுகளில் நான் பார்த்த தவறுகளில் முக்கால்வாசி, நன்றியை உடனே எதிர்பார்க்கிற இந்த அவசரத்தில்தான் தொடங்குகின்றன. நாங்கள் செய்தவற்றையும் சேர்த்தே சொல்கிறேன்.

நாய் மீட்பில் இருப்பவர்கள் "மூணு மூணு மூணு" என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். மிரட்சி அடங்க 3 நாள், வீட்டு நடைமுறை பிடிபட 3 வாரம், இது என் வீடு என்று தோன்ற 3 மாதம். தோராயக் கணக்குதான். மனிதரிடம் நிறைய அடி வாங்கிய நாய்க்கும், காப்பகத்திலேயே வருடக்கணக்கில் இருந்துவிட்ட நாய்க்கும் இன்னும் கூடுதலாகும். ஆனால் பத்தாம் நாளே "இது சரிப்பட்டு வராது" என்று முடிவெடுக்காமல் இருக்க இந்தக் கணக்கு உதவும்.

முதல் வாரம்

முதல் தவறு பெரும்பாலும் வாசலிலேயே நடந்துவிடுகிறது. நாய் வருகிறது என்று கேள்விப்பட்டதும் சித்தி, பெரியப்பா, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் கூடிவிடுகிறார்கள். ஆளாளுக்குத் தலையைத் தடவுகிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள், மூக்குக்கு நேரே பிஸ்கட்டை நீட்டுகிறார்கள். தெருவில் அடிபட்டு வளர்ந்த நாய்க்குத் தலைக்கு மேல் வரும் கை என்றாலே பயம். ஒரு வாரமாவது விருந்தாளிகளை நிறுத்தி வையுங்கள். வீட்டுப் பிள்ளைகளுக்கு மூன்று விஷயம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: படுத்திருக்கும்போது கிட்டே போகாதே, சாப்பிடும்போது தொடாதே, கட்டிப்பிடிக்காதே.

அடுத்தது குளியல். "தெருவிலேர்ந்து வந்திருக்கு, முதல்ல குளிப்பாட்டு" என்று எல்லா வீட்டிலும் ஒரு குரல் எழும். மிரண்டு போன நாயைப் பிடித்துக் கட்டித் தண்ணீர் ஊற்றினால், உங்கள் கையைப் பற்றி அது கற்றுக்கொள்ளும் முதல் பாடம் அதுவாகிவிடும். ஈரத்துணியால் துடைத்தால் போதும், குளியல் பத்து நாள் கழித்து ஆகட்டும். உண்ணி இருந்தால் கால்நடை மருத்துவர் தரும் சொட்டு மருந்தோ மாத்திரையோதான் சரி. மண்ணெண்ணெய் தடவுவது, பினாயிலில் துடைப்பது இரண்டும் ஆபத்து. நாய் தன்னை நக்கிக்கொள்ளும், விஷம் வயிற்றுக்குள் போய்விடும்.

ஒளிந்திருக்கும் நாயை இழுத்து வெளியே கொண்டு வராதீர்கள். நாங்கள் முதல் நாள் அதைச் செய்தோம், மல்லி இன்னும் உள்ளே போனாள். அப்புறம் தண்ணீரையும் சோற்றையும் நான்கடி தள்ளி வைத்துவிட்டு எல்லாரும் விலகிக்கொண்டோம். இரண்டாம் நாள் ராத்திரி இரண்டு மணி இருக்கும், எவர்சில்வர் தட்டு தரையில் நகரும் சத்தம் கேட்டது. எழுந்து பார்க்க வேண்டும் போல இருந்தது, இருந்தாலும் அசையாமல் படுத்திருந்தேன். காலையில் தட்டு கழுவி வைத்ததுபோல் காலி. அதற்குப் பிறகு சாயங்காலம் அவளுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து பேப்பர் படிக்க ஆரம்பித்தேன். ஐந்தாம் நாள் பின்னாலிருந்து ஒரு மூக்கு என் முழங்கையை முகர்ந்தது.

வீட்டுச் சத்தங்கள் நமக்குப் பழகிவிட்டதால் காதில் விழுவதே இல்லை. குக்கர் விசிலும் மிக்சியும் அதற்குப் புதிது. வழவழப்பான டைல்ஸ் தரையில் கால் வழுக்கும், அதனால் நடக்கவே பயப்படும். நடமாடும் வழியில் பழைய கோணிச் சாக்கையோ மிதியடியையோ விரித்தாலே பாதிப் பயம் போய்விடும். எங்கள் வீட்டில் பெரிய பிரச்சினை விளக்குமாறு. அம்மா அதைக் கையில் எடுத்ததும் மல்லி தரையோடு தரையாகப் படுத்து, அப்படியே சிறுநீர் போய்விட்டாள். யாரோ எப்போதோ அடித்திருக்கிறார்கள். அதன்பின் அவள் கொல்லைப்புறம் போகும் நேரம் பார்த்துத்தான் அம்மா பெருக்குவார். இப்படிப் பயத்தில் போகும் சிறுநீருக்குத் திட்டினால் இன்னும் அதிகமாகும். சாதாரணமாக வீட்டுக்குள் போய்விட்டாலும் மூக்கைத் தேய்ப்பது, அதட்டுவது எதுவும் வேண்டாம். தெருநாய்கள் பொதுவாகப் படுக்கும் இடத்தை அசுத்தப்படுத்த விரும்பாது. எழுந்ததும், சாப்பிட்டதும், தூங்கப் போகுமுன்னும் வெளியே கூட்டிப் போனால் சீக்கிரமே பழகிவிடும்.

திறந்த கதவு

இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் தவறினால் நாயே கையைவிட்டுப் போய்விடும். இரண்டாவது வாரம், விடியற்காலை ஐந்தரை மணி. வாசல் தெளித்துக் கோலம் போட அம்மா கேட்டைத் திறந்தார். பால்காரர் வண்டி ஹாரன் அடித்தது. மல்லி அம்மாவின் புடவையை உரசிக்கொண்டு வெளியே பாய்ந்தாள். நான் அவள் பெயரைக் கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். நான் ஓட ஓட அவள் இன்னும் வேகமாக ஓடினாள். தெருமுனையில் அந்தத் தெரு நாய்கள் நான்கைந்து சேர்ந்து துரத்தின. அதோடு கண்ணிலிருந்து மறைந்துவிட்டாள்.

மறுநாள் இரவு, மூன்று தெரு தள்ளி, கட்டி முடிக்காத ஒரு வீட்டின் மணல் குவியலுக்குப் பின்னால் இருந்தாள். காப்பகத்தில் எங்களுக்குப் பழக்கமான ஓர் அக்கா போனில் சொன்னார்: "கிட்டப் போகாதீங்க, கூப்பிடாதீங்க, கண்ணைப் பார்க்காதீங்க. கீழ உட்காருங்க." வேகவைத்த கோழி ஈரலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தரையில் போட்டுவிட்டு, பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்தேன். நாற்பது நிமிடம் ஆயிற்று. கடைசித் துண்டை என் கையிலிருந்து எடுத்தபோதுதான் மெல்லக் கயிற்றை மாட்ட முடிந்தது.

பயந்து ஓடிய நாய்க்குச் சொந்தக்காரர் குரல்கூடத் துரத்துகிற குரலாகத்தான் கேட்கும். ஆகவே ஓடாதீர்கள். பெரும்பாலும் பக்கத்திலேயே எங்காவது பதுங்கியிருக்கும், பசித்தால் ராத்திரியிலும் விடியற்காலையிலும் நடமாடும். அந்த நேரத்தில் தேடுங்கள். அது படுத்த சாக்கை வாசலில் போட்டு வையுங்கள்.

இப்படி நடக்காமல் இருக்க என்ன செய்வது? முதல் ஒரு மாதம் கதவையோ கேட்டையோ திறக்குமுன் நாய் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுத் திறப்பதை வீட்டிலுள்ள எல்லாரும் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். சிலிண்டர் போடுகிறவர், கூரியர்காரர் வரும்போது அதை ஓர் அறையில் விட்டுச் சாத்துங்கள். வெறும் கழுத்துப் பெல்ட்டை நம்பி வெளியே கூட்டிப் போகாதீர்கள். நாய் பயந்து பின்வாங்கினால் தலை வழியாக அது நழுவிவிடும். மார்போடு சேர்த்துக் கட்டும் ஹார்னஸ் ஒன்று, கழுத்துப் பெல்ட் ஒன்று, இரண்டையும் கயிற்றோடு இணைத்துக்கொள்ளுங்கள். பெல்ட்டுக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைகிற இறுக்கம் சரியானது. நாய் வந்த முதல் நாளே உங்கள் போன் எண் பொறித்த தகடு அதன் கழுத்தில் தொங்கட்டும்.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது தத்தெடுப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். வீடே இன்னும் பழகாத நாய்க்கு அந்த வெடிச்சத்தத்தில் ஓடுவதைத் தவிர வேறு வழி தெரியாது. பண்டிகை முடியட்டும், அப்புறம் கூட்டி வரலாம்.

சோறு

தெருவில் சாம்பார் சோறும் பிஸ்கட்டும் தின்ற வயிற்றுக்குத் திடீரென்று விலை உயர்ந்த பாக்கெட் உணவைக் கொடுத்தால் பேதியாகும். இதுவரை என்ன சாப்பிட்டது என்று காப்பகத்தில் கேட்டு அதையே தொடருங்கள். ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் புதியதைக் கலந்து மாற்றலாம். வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. வேகவைத்த எலும்பு கூர்கூராக உடைந்து குடலைக் கிழிக்கும். வெங்காயமும் பூண்டும் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். "தெருவில இதெல்லாம் தின்னுதானே வளந்துது" என்பார்கள். என்றோ ஒரு நாள் கிடைத்த ஒரு வாய் வேறு, தினம் இரண்டு வேளை வெங்காயக் குழம்புச் சோறு வேறு. உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்த கோழியும் சோறும் கொஞ்சம் காய்கறியும் எல்லா வீட்டிலும் செய்யக்கூடியதுதான். அதையே நெடுநாள் கொடுப்பதானால் வேறென்ன சேர்க்க வேண்டும் என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மருத்துவம்

காது நுனி வெட்டியிருந்தால் கருத்தடை செய்திருக்கிறார்கள் என்று பொருள். அப்போது வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டிருப்பார்கள். அந்த ஓர் ஊசியே ஆயுளுக்கும் போதும் என்று நினைப்பது தவறு, தொடர்ந்து போட வேண்டும். வெறிநோய் ஊசியோடு பார்வோ, டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியும் வேண்டும். குட்டியாக இருந்தால் ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பல தவணை போடுவார்கள். அது முடியும்வரை குட்டியைத் தெருவில் இறக்காதீர்கள். வீட்டில் ஏற்கனவே நாய் இருந்தால் புதிதாக வந்ததை இரண்டு வாரம் தனியாக வைப்பது நல்லது. வரும்போது நன்றாக இருந்து, உள்ளே பதுங்கியிருந்த நோய் சில நாள் கழித்து வெளிப்படுவது உண்டு.

நம் ஊர் வெயிலில் வருடம் முழுக்க உண்ணி உண்டு, உண்ணிக் காய்ச்சலும் உண்டு. சோறு வேண்டாம் என்று சுருண்டு கிடப்பதை "இன்னும் பழகலை" என்று விட்டுவிடுவதில்தான் பல நாய்கள் போய்விடுகின்றன. உதட்டை மெல்லத் தூக்கி ஈறைப் பாருங்கள். நிறமி இல்லாத இடத்தில் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளிறியிருந்தாலும், மூக்கில் ரத்தம் வந்தாலும், உடம்பு கொதித்தாலும் அன்றைக்கே ரத்தப் பரிசோதனைக்குக் கொண்டு போங்கள்.

உறுமல்

உறுமும் நாயை அடிப்பவர்கள், கடிக்குமுன் அது தரும் எச்சரிக்கையைத்தான் அடித்து அடக்குகிறார்கள். அடுத்த முறை உறுமாமலே கடிக்கும். உறுமலுக்கு முன்பே அது நிறையச் சொல்கிறது: முகத்தைத் திருப்பும், உதட்டை நக்கும், தூக்கம் வராமலே கொட்டாவி விடும், வெள்ளை தெரியக் கடைக்கண்ணால் பார்க்கும். அப்போதே விலகிவிடுங்கள். பழக வேண்டும் என்று சாப்பிடும் தட்டுக்குள் கைவிட்டுப் பார்க்கிற வழக்கமும் வேண்டாம். பசியோடு இருந்த பிராணி அது. தட்டைப் பிடுங்குவதற்குப் பதில், நடந்து போகிறபோக்கில் ஒரு துண்டு கறியைத் தட்டில் போட்டுவிட்டுப் போங்கள். ஆள் கிட்டே வந்தால் சோறு கூடுகிறது என்று அதுவாகவே புரிந்துகொள்ளும். மீறிப் பல்லோ நகமோ பட்டுவிட்டால், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். ஊசி போட்ட நாய்தானே என்று இருந்துவிட வேண்டாம்.

தனியாக விடுவது

நாய் வந்ததென்று ஒரு வாரம் லீவு போட்டு, நாள் முழுக்கக் கூடவே இருந்துவிட்டு, எட்டாம் நாள் காலையில் பத்து மணி நேரம் பூட்டிவிட்டுப் போவார்கள். திரும்பி வந்தால் கதவைப் பிராண்டியிருக்கும், செருப்பு கிழிந்திருக்கும். லீவில் இருக்கும்போதே தினமும் ஐந்து நிமிடம், பத்து நிமிடம், அரை மணி என்று வெளியே போய் வந்து பழக்குங்கள். போகும்போதும் வரும்போதும் பெரிய ஆர்ப்பாட்டம் வேண்டாம்.

அடுக்குமாடியில் இருந்தால் கூட்டி வருமுன்னே சங்கத்தாரிடம் பேசிவிடுங்கள். வளர்ப்புப் பிராணிகளை அடியோடு தடை செய்யக் குடியிருப்போர் சங்கத்துக்கு உரிமை இல்லை என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இலேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. ஆனாலும் சண்டை தொடங்கிய பிறகு காகிதத்தைக் காட்டுவதைவிட, தடுப்பூசிச் சான்றோடு முதலிலேயே போய் நிற்பது நாய்க்கும் நல்லது.

எவ்வளவு முயன்றும் சில வீடுகளில் சரிப்பட்டு வராமல் போகும். கைக்குழந்தை இருக்கும், ஏற்கனவே இருக்கும் நாயோடு ஓயாத சண்டையாக இருக்கும். அப்படியானால் எங்கிருந்து கூட்டி வந்தீர்களோ அவர்களுக்கே போன் செய்யுங்கள். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, வேறு வீடு கிடைக்கும்வரை நீங்களே வைத்திருங்கள். "தெருநாய்தானே, தெருவிலேயே விட்டுடலாம்" என்று மட்டும் செய்துவிடாதீர்கள். வேறு தெரு நாய்கள் அதைச் சேர்த்துக்கொள்ளாது, துரத்திக் கடிக்கும். பசியிலும் தாகத்திலும் வாடும்படி ஒரு பிராணியைக் கைவிட்டுப் போவது 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. அன்று தெருமுனையில் மல்லியைச் சூழ்ந்து துரத்திய நாய்களை நான் பார்த்தேன். வீட்டில் இரண்டே வாரம் இருந்தவள் அவள்.