புராஸ்டேட் ஆபரேஷன்: கருவியை எடுக்கும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

போன வாரம் ஒரு இளம் டாக்டர், லேசர் பயிற்சி முடித்து டெல்டா பக்கம் புதிதாக வந்தவர், ஒரு ஸ்கேன் ரிப்போர்ட்டை போனில் அனுப்பி, "சார், புராஸ்டேட் 48 கிராம், மூத்திரம் போன பிறகும் 380 மில்லி உள்ளே நிக்குது, ஹோலெப் பண்ணிடலாம்ல?" என்று கேட்டார். புராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி, பெருத்தால் மூத்திர வழியை அடைக்கும்; ஹோலெப் என்பது அந்தச் சதையை லேசரால் குடைந்து எடுப்பது. ஆளுக்கு வயது என்ன, சுகர் எத்தனை வருஷமாக இருக்கிறது, காலில் மதமதப்பு உண்டா என்று கேட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. இதே அவசரத்தில் நான் ஒருவரைக் கெடுத்திருக்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன். சம்மதக் கையெழுத்து, மூத்திரத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன்.

கிராமைப் பார்த்து முடிவெடுப்பது

100 கிராம் வைத்துக்கொண்டு நன்றாகப் போகிறவர் இருக்கிறார், 30 கிராமில் நடு மடல் மட்டும் மூத்திரப்பைக்குள் துருத்திக்கொண்டு அடைத்து நிற்கிறவரும் இருக்கிறார்.

பலவீனத்தை அடைப்பு என்று நினைப்பது

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு விவசாயி, வயது 67, சுகர் வந்து இருபது வருஷம். சம்பா அறுவடை முடிந்து அரசு கொள்முதல் நிலையத்தில் (டிபிசி) நெல் போட்ட பணத்தோடு வந்தார். புராஸ்டேட் 40 கிராம், போன பிறகும் 400 மில்லிக்கு மேல் தங்கியது. அடைப்புதான் என்று முடிவு கட்டி, மூத்திரக் குழாய் வழியாகவே கருவியை விட்டுச் சதையைச் செதுக்கி எடுக்கும் டி.யு.ஆர்.பி. செய்தேன். ஆபரேஷன் அருமையாக வந்தது, வழி பளிச்சென்று திறந்திருந்தது. மூன்றாம் நாள் கதீட்டரை, அதாவது மூத்திரம் வடியப் போட்ட டியூபை, எடுத்தேன். அவர் வார்டு பாத்ரூமில் பைப்பைத் திறந்துவிட்டு, அந்தத் தண்ணீர் சத்தத்திலாவது வருமா என்று அரைமணி நேரம் நின்றார். அப்புறம் அடிவயிற்றைக் கையால் அழுத்திப் பிடித்தபடி வெளியே வந்து, "வரலை தம்பி" என்றார்.

மறுபடியும் கதீட்டர் போட்டோம். இரண்டு வாரம் கழித்து எடுத்துப் பார்த்தோம், அப்போதும் வரவில்லை. கடைசியில் ஒரு நாளைக்கு நாலு தடவை அவரே சின்ன டியூப் விட்டு மூத்திரத்தை எடுக்கக் கற்றுக்கொண்டார். ஒருநாள் அவர் மகன் என்னிடம் கேட்டான்: "மேட்டூர்ல தண்ணி திறக்காம வாய்க்காலைத் தூர் வாரி என்ன சார் பிரயோஜனம்?" கோபமாகக் கேட்கவில்லை, புரிந்துகொள்ளத்தான் கேட்டான். ஆபரேஷனுக்கு முன்னால் நான் அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டிய விளக்கம் அது.

மூத்திரப்பை சுருங்கித் தள்ளினால்தான் மூத்திரம் வரும். நாள்பட்ட சுகர் அதன் நரம்புகளை அரிக்கிறது. முதலில் நிறைந்த உணர்வு மங்கும், பிறகு பை விரிந்து தொங்கும், கடைசியில் தள்ளும் பலம் போய்விடும். பல வருஷம் அடைப்பை எதிர்த்துத் தள்ளித் தள்ளியே ஓய்ந்துபோன பையும் உண்டு. மூத்திரம் வரும் வேகத்தை அளக்கும் யூரோஃப்ளோவில் நொடிக்கு 6 மில்லி வருகிறது என்றால் வழி குறுகியிருக்கலாம், பைக்குப் பலம் இல்லாமலும் இருக்கலாம். இரண்டுக்கும் கோடு ஒரே மாதிரி தட்டையாகத்தான் விழும். பிரித்துச் சொல்வது யூரோடைனமிக்ஸ்: பைக்குள் ஒரு மெல்லிய டியூப், ஆசனவாயில் ஒன்று, மூத்திரம் போகும்போது அழுத்தத்தை அளப்பார்கள். அழுத்தம் அதிகம், வேகம் குறைவு என்றால் அடைப்பு. இரண்டுமே குறைவு என்றால் பையில் பலம் இல்லை.

எல்லோருக்கும் இது வேண்டாம். ஆனால் நாள்பட்ட சுகர், 300 மில்லிக்கு மேல் தங்குவது, பக்கவாதம், நடுக்குவாதம், முதுகெலும்பு ஆபரேஷன் செய்தவர், வயது 50க்குக் கீழே, 80க்கு மேலே, இவர்களைச் சோதிக்காமல் மேசையில் படுக்க வைக்காதீர்கள். எல்லா ஊரிலும் இந்தச் சோதனை கிடையாது, நோயாளி பஸ் ஏறி ஒரு நாள் அலைய வேண்டும், சரி, அலையட்டும். பலம் குறைவு என்று வந்தாலும் ஆபரேஷனே கூடாது என்று அர்த்தமில்லை, அடைப்பும் சேர்ந்திருந்தால் சிலருக்குப் பலன் கிடைக்கிறது. அதை முன்னாடியே சொல்ல வேண்டும், "டியூப் தொடரவும் வாய்ப்பு இருக்கு" என்று வீட்டாரையும் உட்கார வைத்துச் சொல்ல வேண்டும்.

எனக்கு இன்றும் எரிச்சல் வருவது, "சார், அது அந்தக் காலத்து டி.யு.ஆர்.பி., இது லேசர்" என்று பதில் வரும்போதுதான். லேசர், சுரப்பியைச் சுருக்கும் நீராவி, அதை ஒதுக்கிப் பிடிக்கும் கிளிப் எல்லாமே வழியைத்தான் திறக்கும். தள்ளும் பலத்தை எந்த மெஷினும் தராது.

விந்து பற்றிப் பேசாமல் விடுவது

டி.யு.ஆர்.பி., ஹோலெப் செய்துகொண்டவர்களில் பெரும்பாலோருக்கு விந்து வெளியே வராமல் பின்னோக்கி மூத்திரப்பைக்குள் போய்விடும். உடம்புக்குக் கெடுதல் இல்லை. ஆனால் சொல்லாமல் செய்தால், ஏதோ ஆண்மை போய்விட்டது என்று மனைவியிடம்கூடச் சொல்லாமல் உள்ளுக்குள் நொந்துபோவார். "எழுபது வயசுக்காரருக்கு எதுக்கு?" என்று நாமாக முடிவு செய்யக்கூடாது, கேளுங்கள். அது முக்கியம் என்று அவர் சொன்னால், சுரப்பியின் அளவும் வடிவமும் ஒத்துவந்தால், நீராவியும் கிளிப்பும் இருக்கின்றன. பெரும்பாலும் இந்தப் பிரச்சினை வராது.

கிளைசின் ஓடும்போது கடிகாரத்தைப் பார்க்காதது

டி.யு.ஆர்.பி.யில் உள்ளே கழுவ ஓடவிடும் திரவம் கிளைசின். ஒரு மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம், அது ரத்தத்தில் கலந்து சோடியம் இறங்கிவிடும். கிளைசினுக்குப் பதில் சலைனில் (உப்புநீரில்) செய்யும் பைபோலார் கருவி இருந்தால் அதையே எடுங்கள்.

ரத்தம் இளக்கும் மாத்திரையை நாமே நிறுத்தச் சொல்வது

இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் போட்டவர் என்றால் முதல் போன் இதய டாக்டருக்கு.

ராத்திரி எழுவதையெல்லாம் புராஸ்டேட் தலையில் கட்டுவது

மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் எவ்வளவு போகிறது என்று அளந்து எழுதிவரச் சொல்லுங்கள், பிளாஸ்டிக் அளவு டம்ளர் போதும். முழு நாள் அளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ராத்திரியிலேயே போனால் கால் வீக்கம், இதயம், குறட்டை, சுகர் என்று வேறு இடத்தில் தேட வேண்டும். புராஸ்டேட்டைச் செதுக்கி அதைக் குறைக்க முடியாது.

அந்த இளம் டாக்டர் நேற்று மறுபடி கூப்பிட்டார். அவருடைய நோயாளிக்குச் சுகர் 22 வருஷமாம், இரண்டு பாதமும் மதமதப்பாம். கிட்னிக்கான கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு யூரோடைனமிக்ஸுக்கு எழுதியிருக்கிறார். பேரனின் கோடு போட்ட நோட்டில் பென்சிலால் மூன்று நாள் கணக்கும் எழுதி வந்திருக்கிறாராம் பெரியவர். படுக்கப் போகும்போது ஒரு சொம்பு தண்ணீர் என்று மூன்று நாளும் இருந்ததாம்.