ஒலிக்கலவையிலும் நிறத்திருத்தத்திலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

படங்களின் ஒலிகளைச் சமன்படுத்திச் சேர்க்கும் ஒலிக்கலவையையும், காட்சிகளின் நிறத்தைச் சீராக்கும் நிறத்திருத்தத்தையும் கற்றுக்கொள்ள வரும் இளையவர்களின் அருகில் அமரும்போதெல்லாம், எங்கள் தலைமுறையினர் தொடக்கத்தில் செய்த அதே தவறுகளை அவர்களும் செய்வதைக் காண்கிறேன். மென்பொருளைக் கையாள்வதில் நேரும் பிழைகள் பழகப் பழகத் தாமே மறைந்துவிடும் என்பதால் அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. கண்ணும் காதும் எவ்வாறு உணர்கின்றன என்பதை அறியாததால் வரும் பிழைகள், எவ்வளவு விலை உயர்ந்த கருவியை வாங்கினாலும் விலகுவதில்லை.

உரத்த ஒலியில் கலவையை முடிப்பது

பணத்தையும் நேரத்தையும் ஒருசேர விழுங்குவது இதுதான்; இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவதும் இதுவே. காது எல்லா அதிர்வெண்களையும் ஒரே உரப்பில், அதாவது ஒரே வலிமையுடன், கேட்பதில்லை. செவிக்குழாய் ஏறக்குறைய 2.5 சென்டிமீட்டர் நீளமுள்ள, ஒரு முனை மூடிய குழாய் என்பதால், 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளை ஒத்ததிர்வால் பெருக்கித் தருகிறது. பேஸ் ஒலிகளுக்கு அந்த உதவி கிடைப்பதில்லை. இந்த ஏற்றத்தாழ்வு ஒலியின் அளவைப் பொறுத்து மாறும் என்பதை ஒலி ஆய்வாளர்களான பிளெட்சரும் மன்சனும் 1933ஆம் ஆண்டில் வெளியிட்ட சம உரப்பு வளைவுகள் காட்டின. இன்றைய பன்னாட்டுத் தர வளைவுகளின்படி, 1,000 ஹெர்ட்ஸில் 40 டெசிபல் தரும் உரப்பை 100 ஹெர்ட்ஸில் பெற 60 டெசிபலுக்கும் மேல் வேண்டும். 1,000 ஹெர்ட்ஸின் அளவு 80 டெசிபலுக்கு உயர்ந்தால் அந்த இடைவெளி ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. ஆகவே ஒலியை ஏற்றிவைத்துப் பணிபுரிபவருக்கு பேஸ் நிறைந்திருப்பதாகவே தோன்றும். அதே வேளையில், உரத்த ஒலியால் களைத்த உட்செவியின் மயிர்ச்செல்கள் 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில் தற்காலிகமாக மந்தமாவதால், அவர் தம்மை அறியாமலே டிரெபிளைக் கூட்டிக்கொண்டே போவார்.

அண்மையில் ஓர் இளைஞர், சன்னல் கண்ணாடி அதிரும் அளவில் ஒலியை வைத்து, ஓர் ஆவணப்படத்தின் கலவையைப் பின்னிரவில் முடித்தார். காலையில், இருவர் பேசிக்கொள்ளும் அளவுக்கு ஒலியைத் தாழ்த்தி அதை ஓட்டினோம். டிரம்ஸின் அடியொலியைக் காணவில்லை. சகரமும் ஷகரமும் மட்டும் ஊசியாய்க் குத்தின. "பேஸைக் கொஞ்சம் ஏற்றிவிட்டால் போதாதா, சார்?" என்று கேட்டார். போதாது. ஒவ்வொரு டிராக்கின் அளவையும் அந்தப் பொய்யான சமநிலையை நம்பியே அவர் தீர்மானித்திருந்ததால், வசனத்திலிருந்து மீண்டும் தொடங்க வேண்டியிருந்தது. ஒப்படைக்க வேண்டிய நாளும் கடந்துவிட்டது.

திரையரங்கக் கலவைக்கு 85 டெசிபல் என்ற அளவு வழக்கில் உள்ளது. சிறிய அறைக்கு அதைவிடச் சில டெசிபல் குறைத்துக்கொள்ள வேண்டும். ஒலிமானியால் அளந்து, ஒலியளவுக் குமிழ் நிற்கும் இடத்தைக் குறித்துவைத்து, அந்த அளவிலேயே பணிபுரியுங்கள். சராசரியாக 85 டெசிபலை நாளுக்கு 8 மணி நேரம் கேட்கலாம் என்றும், ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் அந்த நேரம் பாதியாகும் என்றும் அமெரிக்கப் பணிநலக் கழகமான நியோஷ் வரையறுத்துள்ளது. அதன்படி 94 டெசிபலுக்கு ஒரு மணி நேரமே உண்டு. மனிதக் காதில் மடிந்த மயிர்ச்செல் மீண்டும் முளைப்பதில்லை.

உரப்பைச் சமன்செய்யாமல் ஒப்பிடுவது

இரு கலவைகளை ஒப்பிடும்போது, சற்றே உரத்து ஒலிப்பதுதான் மேலானது போலத் தோன்றும். சமன்செய்த பிறகே ஒப்பிடுங்கள்.

ஒரே காட்சியை நெடுநேரம் பார்த்துத் திருத்துவது

விழித்திரையில் நிறத்தை உணரும் மூவகைக் கூம்புச் செல்களும் தம்மீது விழும் ஒளிக்கு ஏற்பத் தம் உணர்திறனைத் தனித்தனியே மாற்றிக்கொள்கின்றன. எனவே மஞ்சள் படிந்த காட்சியை நெடுநேரம் பார்த்தால் அது வெண்மையாகவே தெரியத் தொடங்கும். திரைக்குப் பின்னே 6,500 கெல்வின் அளவிலான, பகலொளி போன்ற வெண்ணொளி விழும் சாம்பல் நிறச் சுவரை வைத்து, அவ்வப்போது பார்வையை அதன்மீது நிறுத்த வேண்டும்.

வெயிலிலிருந்து நேராகத் திரைக்கு வருவது

கூம்புச் செல்கள் இருளுக்குப் பழக ஏறக்குறைய 10 நிமிடங்கள் ஆகும். அதுவரை காட்சியின் இருண்ட நிழற்பகுதிகளைத் திருத்தத் தொடாதீர்கள்.

ஒலி முந்துவதையும் பிந்துவதையும் ஒன்றாகக் கருதுவது

ஒலி ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டரே செல்வதால், 10 மீட்டர் தொலைவில் நடப்பது கண்ணுக்குத் தெரிந்து ஏறக்குறைய 30 மில்லி வினாடிகள் கழித்தே காதுக்கு எட்டுகிறது. மூளை இதற்குப் பழகியிருக்கிறது. ஒலி முந்துவதற்கோ அதற்குப் பழக்கமில்லை. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரைப்படி, ஒலி 45 மில்லி வினாடிகள் முந்தினாலே பார்வையாளர் கண்டுகொள்வார். பிந்தினால் 125 வரை கவனிக்கமாட்டார். வினாடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில் ஒரு ஃபிரேம் ஏறக்குறைய 42 மில்லி வினாடிகள். உதட்டசைவு பொருந்துகிறதா என்ற ஐயம் எழுந்தால், ஒலியை ஒரு ஃபிரேம் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள்.