வீட்டிலிருந்து மெயின்பிரேம்: கணினி அதிகம் பழகாதவர்களுக்கு டெர்மினல் அமைத்துக் கொடுப்பது

எங்கள் அலுவலகத்தில் இன்சூரன்ஸ் க்ளெய்ம் பார்க்கும் ஏழு பேர் வீட்டு லேப்டாப்பிலேயே பிரிட்டன் வாடிக்கையாளரின் மெயின்பிரேமில் (பெரிய நிறுவனங்கள் வைத்திருக்கும் மையக் கணினி) வேலை செய்ய வேண்டும் என்றார்கள். ஒரு நாள் வேலை என்று நினைத்தேன். ஒரு வாரம் இழுத்தது.

படி 1: விபிஎன் (வெளியிலிருந்து அவர்கள் நெட்வொர்க்குக்குள் போகும் பாதுகாப்பான வழி), ஆளுக்கொரு யூசர் ஐடி. இரண்டையும் கேட்டு வாங்கிவிடுங்கள். ஒரே ஐடியை ஏழு பேருக்குக் கொடுக்கும் வேலை மட்டும் வேண்டாம்.

படி 2: எமுலேட்டர், அதாவது மெயின்பிரேமின் டெர்மினல் திரையை லேப்டாப்பில் காட்டும் மென்பொருள். லினக்ஸ் சர்வர்களுக்குப் பயன்படுத்தும் புட்டி இதற்கு உதவாது, மெயின்பிரேம் திரைகளுக்கான டிஎன்3270 என்ற இணைப்பு முறை தெரிந்த மென்பொருள் வேண்டும். எனக்குப் பிடித்தது எக்ஸ்3270, இலவசம். ஆனாலும் மற்றவர்களுக்குக் கொடுக்க ஐபிஎம்மின் பிசிகாம்தான் என் தேர்வு. காசு செலவுதான், மெனு பார்த்துப் பழகியவர்கள் மிரள மாட்டார்கள்.

படி 3: ஹோஸ்ட் பெயர், டிஎல்எஸ் (மறையாக்கம் செய்த இணைப்பு) போர்ட் (பெரும்பாலும் 992), திரை அளவு 24 வரி, 80 எழுத்து. சேமித்து டெஸ்க்டாப்பில் ஐகானாக வையுங்கள்.

படி 4: கீபோர்டு. நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். பிசிகாமில் நாம் மாற்றாதவரை என்டர் எதையும் மெயின்பிரேமுக்கு அனுப்பாது, கர்சர் அடுத்த வரிக்குப் போகும், அவ்வளவுதான். அனுப்புவது வலது கன்ட்ரோல். ஓர் அக்கா காலை முழுக்க என்டரைத் தட்டிவிட்டு, "நெட் ரொம்ப ஸ்லோ தம்பி" என்றார். நானும் அதை நம்பி விபிஎன்னை நோண்டிக்கொண்டிருந்தேன்! புதியவர்களுக்கு என்டரையே அனுப்பும் விசையாக மாற்றிக் கொடுங்கள். அலுவலகத்தில் ஏற்கெனவே பழகியவர்களுக்கு மாற்றாதீர்கள், திட்டு விழும்.

அப்புறம், எழுதக் கூடாத இடத்தில் ஏதாவது அடித்தால் கீழ் வரியில் எக்ஸ் குறி வந்து கீபோர்டு பூட்டிக்கொள்ளும். இடது கன்ட்ரோலை ஒரு தட்டு தட்டினால் சரி. அது தெரியாமல், ஹேங் ஆகிவிட்டது என்று விண்டோவையே மூடிவிடுகிறார்கள். டிஎஸ்ஓ (மெயின்பிரேமில் ஆளுக்கொரு அமர்வு தரும் வசதி) வழியாகப் போகிறவர் என்றால், திரும்ப வரும்போது ஐடி ஏற்கெனவே உள்ளே இருக்கிறது என்று மறுத்துவிடும். லாகான் திரையில் ரீகனெக்ட் என்ற சொல்லுக்கு முன்னால் எஸ் போட்டு உள்ளே போகச் சொல்லுங்கள்.

பின்சேர்க்கை: பவுண்டு தொகையெல்லாம் டாலராகத் தெரிகிறதே என்று ஒருவர் பதறிப்போய் எழுதியிருந்தார். எமுலேட்டரில் கோட் பேஜ் (எந்த பைட்டுக்கு எந்த எழுத்து என்று சொல்லும் அட்டவணை) 037 என்று இருந்திருக்கும், அது அமெரிக்காவுக்கானது. பிரிட்டனுக்கு 285. முன்னதில் டாலராக இருக்கும் அதே பைட் பின்னதில் பவுண்டு. தொகை மாறவில்லை, குறிதான் மாறித் தெரிகிறது. படி 3-இல் இதையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.