மூன்று நாய்கள் ஏராளமான நாய்கள் ஆன கதை: மாணவர்களைச் செய்தித்தாளுக்கு எழுத வைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரு அல்சூரில் ஞாயிறுதோறும் காலையில் இரண்டு மணி நேரம் தமிழ் வகுப்பு நடத்துகிறோம். பிள்ளைகளைச் செய்தித்தாளுக்கு எழுத வைப்பது என் பங்கு. போன வாரம் புதிதாக ஒரு தம்பி பாடம் எடுக்க வந்திருந்தார். வார நாட்களில் கணினி வேலை, ஞாயிற்றுக்கிழமை எங்களோடு. தங்கமான பிள்ளை. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன், ‘எங்கள் தெருமுனையில் மூன்று நாய்கள் இருக்கின்றன. கறுப்பு நாய் மட்டும் சைக்கிளைத் துரத்தும்’ என்று எழுதிக் கொண்டுவந்தான். தம்பி சிவப்புப் பேனாவை எடுத்தார். மூன்று நாய்கள் அடிபட்டு ‘ஏராளமான தெருநாய்கள்’ ஆயின. கறுப்பு நாய் இருந்த இடத்தில் ‘பொதுமக்களுக்குப் பெரும் அச்சுறுத்தலாகத் திகழ்கின்றன’ வந்து உட்கார்ந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தம்பியைச் சொல்லிக் குற்றமில்லை. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அதே மேசையில், அதே நிறப் பேனாவோடு நான் உட்கார்ந்திருந்தேன்.

எழுத்துப்பிழை, ஒற்று, ஓரம் விடுதல் ஆகியவற்றை இங்கே பேசப்போவதில்லை. ஆறு நாள் ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் படித்துவிட்டு ஏழாம் நாள் தமிழ் எழுதும் பிள்ளைக்கு லகரமும் ளகரமும் தடுமாறத்தான் செய்யும். செய்தித்தாள் அலுவலகத்தில் மெய்ப்புப் பார்ப்பவர் அதைத் திருத்திக்கொள்வார். அவர் கைக்கு எட்டாத தவறுகளைத்தான் சொல்கிறேன்.

இரண்டு ஆசிரியர்களைக் குழப்பிக்கொள்வது

தமிழில் பாடம் சொல்பவரும் ஆசிரியர், பத்திரிகை நடத்துபவரும் ஆசிரியர். பாரதி 1904இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்துவிட்டு, அதே ஆண்டு சென்னைக்குப் போய்ச் சுதேசமித்திரனில் உதவி ஆசிரியரானார். அவருக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரியும். நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. ‘ஆசிரியருக்குக் கடிதம்’ என்று சொன்ன உடனே வகுப்பாசிரியரிடம் விடுப்புக் கேட்கும் தோரணைக்குப் போய்விடுகிறார்கள். ‘மதிப்பிற்குரிய ஐயா, நலம், நலமறிய ஆவல்’ என்று தொடங்கி, ‘ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று முடிக்கிறார்கள்.

பத்திரிகை ஆசிரியர் என்ன ஆவன செய்வார்? சாக்கடையைத் தூர்வார மண்வெட்டியோடு வரப்போகிறாரா? மனு என்பது அதிகாரம் உள்ளவருக்குப் போவது. வாசகர் கடிதம் ஊரார் படிப்பதற்கு. இரண்டையும் ஒரே வாரத்தில் சொல்லிக்கொடுத்தால் இரண்டும் கலந்து கூழாகிவிடும்; நான் நடுவில் ஒரு மாதமாவது விடுகிறேன்.

மதுரையில் 1942இல் சி.பா. ஆதித்தனார் தொடங்கிய தினத்தந்தியை டீக்கடைகளில் ஒருவர் உரக்கப் படிக்க, பெஞ்சில் இருப்பவர்கள் கேட்பார்கள். அந்தப் பெஞ்சு இன்றும் எனக்கு உதவுகிறது. ‘உன் கடிதத்தை அங்கே படித்தால் உட்கார்ந்திருப்பவர் என்ன கேட்பார்?’ என்று பிள்ளையிடம் கேட்பேன். எந்தத் தெரு, எப்போதிலிருந்து, இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்பார். நீ நலமா என்று கேட்க மாட்டார்.

கரும்பலகையில் மாதிரிக் கடிதம்

எழுதாதீர்கள். இருபத்தெட்டுப் பிள்ளைகளிடமிருந்து ஒரே கடிதம் இருபத்தெட்டு முறை வரும்.

பிள்ளை எண்ணியதை அடித்துவிட்டு நாம் அளப்பது

இதுதான் என் பழைய காயம். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஒரு கோடைக்காலம். தண்ணீரைப் பற்றிக் கடிதம் எழுதச் சொல்லியிருந்தேன். பெங்களூருக்கு வரும் காவிரித் தண்ணீர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, கிட்டத்தட்ட 500 மீட்டர் உயரத்துக்கு மேலேற்றப்பட்டு வருகிறது என்றெல்லாம் முதலில் விளக்கினேன். பிள்ளைகளுக்கு அது பெரிதாக உறைக்கவில்லை. தங்கள் வீட்டுக் குழாயைப் பற்றித்தான் எழுதினார்கள். அதில் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் கடிதம் இது:

‘எங்கள் தெருவில் காவேரி வந்து எட்டு நாளாகிறது. வாரத்தில் இரண்டு நாள், விடியற்காலை நான்கு மணிக்கு வரும். வந்த நாளில் எல்லாம் ஆயா காலண்டரில் வட்டம் போடுவார். சம்ப் காய்ந்துவிட்டது. நான்கு வீட்டார் பணம் போட்டு டேங்கர் வாங்கினோம்.’

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு குறிப்பு: இங்குள்ள தமிழ் வீடுகளில் ‘காவேரி வந்ததா?’ என்றால் குழாயில் தண்ணீர் வந்ததா என்று பொருள். ஆழ்துளைக் கிணற்று நீரிலிருந்து பிரித்துச் சொல்ல அந்தப் பெயர். சம்ப் என்பது தரைக்கடியில் இருக்கும் தொட்டி.

நல்ல கடிதம். இன்று கையில் கிடைத்தால் கமா கூடத் தொட மாட்டேன். அன்று எனக்கு அது சப்பென்று இருந்தது. எட்டு நாள் என்றால் யார் மதிப்பார்கள்? காலண்டரும் ஆயாவும் செய்தித்தாளில் எதற்கு? பேனாவைத் திறந்தேன். ‘எங்கள் பகுதியில் பல வாரங்களாகக் குடிநீர் விநியோகம் முற்றிலும் தடைபட்டு, பொதுமக்கள் சொல்லொணாத் துயரத்துக்கு ஆளாகியுள்ளனர்.’ சம்ப்பை ‘நிலத்தடி நீர்த்தேக்கத் தொட்டி’ ஆக்கினேன். டேங்கருக்குப் பணம் போட்ட நான்கு வீடுகளை எடுத்தேவிட்டேன். அந்தப் பெண் ஒன்றும் சொல்லாமல் அழகாகப் பிரதி எடுத்துக் கொடுத்தாள்.

கடிதம் அச்சில் வந்தது. வகுப்பில் மிட்டாய் கொடுத்தேன்.

அடுத்த வாரம் அதே பக்கத்தில் சம்பந்தப்பட்ட அலுவலகத்தின் விளக்கம் வந்தது. ‘பல வாரங்களாக’ என்பது உண்மைக்குப் புறம்பானது, இன்னின்ன தேதிகளில் தண்ணீர் விடப்பட்டது என்று மூன்று தேதிகள் போட்டிருந்தார்கள். ஒரு தேதி கூடப் பொய் இல்லை. கடைசித் தேதிக்குப் பிறகு வந்த எட்டு நாட்களைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. ஏன் இருக்க வேண்டும்? எட்டு நாளைப் பற்றி யாரும் கேட்கவில்லையே. நான் கேட்டது பல வாரத்தை. அதற்கு விடை சொல்வது அவர்களுக்கு வெல்லக்கட்டி.

மிகைப்படுத்தினால் அழுத்தம் கூடும் என்று நினைக்கும் புதியவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். எட்டு நாள் என்று எழுதியிருந்தால் அந்த எட்டு நாளுக்குக் கணக்குச் சொல்லித் தீர வேண்டும். பல வாரம் என்று எழுதியதால், ‘இல்லை’ என்ற ஒரு சொல்லோடு கோப்பை மூடிவிட்டார்கள். கடிதத்தின் அடியில் அந்தப் பெண்ணின் பெயர் இருந்தது. ஊர் முன்னால் பொய் சொன்னவள் அவள்.

அன்று மாலை மன்னிப்புக் கேட்க அவள் வீட்டுக்குப் போனேன். எனக்கு முன்பே ஒருவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். தோளில் ஆளுயர இரும்புச் சாவி. தெருத்தெருவாகப் போய் வால்வு திறந்துவிடும் ஊழியர், பக்கத்துத் தெருக்காரர், நம் ஆள்தான்.

‘என்ன ஆயா, நான் வாரக்கணக்கில் தண்ணீரே விடவில்லையா? மேலே இருப்பவர்கள் என்னைத்தான் பிடித்துக் கேட்கிறார்கள்.’

ஆயா பதில் பேசாமல் உள்ளே போய் ஆணியிலிருந்து காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தார். பென்சில் வட்டங்கள். அந்த ஆள் ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினார். அச்சில் வந்த அதே மூன்று தேதிகள், பிறகு எட்டுக் காலிக் கட்டங்கள்.

‘கணக்குச் சரியாகத்தானே இருக்கிறது?’

‘எண்ணியது நாங்கள்,’ என்றார் ஆயா. என்னைத் திரும்பியே பார்க்கவில்லை. ‘எழுதியது இவளுடைய வாத்தியார்.’

அந்தப் பெண் மூன்று ஞாயிறு வகுப்புக்கு வரவில்லை. அந்தப் பத்திரிகையில் ஓர் ஆண்டு எங்கள் வகுப்புக் கடிதம் ஒன்று கூட வரவில்லை. நடந்ததைச் சொல்லத் தொலைபேசியில் அழைத்தபோது அங்கிருந்த துணை ஆசிரியர் கேட்டார்: ‘எட்டு நாள், நான்கு வீடு, டேங்கர் என்று இருந்திருந்தால் நாங்களே நிருபரை அனுப்பியிருப்போமே?’

அன்றிலிருந்து சிவப்புப் பேனா எனக்கு விலக்கு. பென்சில் மட்டும்தான். அதுவும் ஓரத்தில் கேள்வி எழுதுவதற்கு: எத்தனை? யார் எண்ணினார்கள்? நீ பார்த்தாயா, கேட்டாயா? பிள்ளையின் வரியை மாற்ற வேண்டுமென்றால் பிள்ளைதான் மாற்ற வேண்டும். ‘பல’, ‘ஏராளமான’, ‘எண்ணற்ற’, ‘நீண்ட காலமாக’, ‘சொல்லொணா’ ஆகிய ஐந்தும் பெரும்பாலும் பிள்ளைகள் தாமாக எழுதும் சொற்கள் அல்ல. அவை தாளில் இருந்தால் பெரியவர் ஒருவரின் கை பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். தலைமை ஆசிரியர் பார்வைக்கு வைக்க வேண்டும், போட்டிக்கு அனுப்ப வேண்டும் என்பார்கள். வைக்கட்டும். எண்ணை மட்டும் தொடாமல் வைக்கட்டும்.

உலகத் தலைப்புகள்

புவி வெப்பமயமாதல், ஊழலற்ற இந்தியா, உலக அமைதி. வேண்டாம். நடந்து போய்ப் பார்த்துவிட்டு வரக்கூடிய தலைப்பாகக் கொடுங்கள்.

செய்தியை வாலில் வைப்பது

கடிதத்திலிருந்து செய்திக் கட்டுரைக்கு வந்தால் வேறொரு தொல்லை. பிள்ளைகள் நடந்த வரிசையிலேயே எழுதுவார்கள். காலையில் எழுந்தோம், பேருந்தில் ஏறினோம், கடைசியில் செய்தி. தலைகீழ்க் கூம்பு என்று இதழியல் பாடத்தில் படம் போட்டுக் காட்டுவார்கள்: முக்கியமானது மேலே, போகப்போகச் சிறியது. ஏன் அப்படி என்று சொல்லாமல் படத்தை மட்டும் காட்டினால் பிள்ளைகள் கூம்பைத்தான் அழகாக வரைகிறார்கள். பக்கத்தில் இடம் போதாவிட்டால் கீழிருந்துதான் வெட்டுவார்கள் என்பது காரணம். கடைசிப் பத்தியை உள்ளங்கையால் மூடிப் பார்க்கச் சொல்லுங்கள். அப்போதும் செய்தி நிற்க வேண்டும்.

எங்களுக்குப் பயிற்சிக் களம் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலை. 1991இல் திறக்க வேண்டியது. எதிர்ப்பால் நின்றுபோய்ப் பதினெட்டு ஆண்டுகள் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்டது. இதை வைத்து முதல் வாக்கியம் எழுதச் சொன்னால் வகுப்பில் பாதிப் பேர், ‘உலகப் பொதுமறையை அருளிய திருவள்ளுவர்’ என்று தொடங்கி நான்காம் பத்தியில்தான் அல்சூருக்கு வந்து சேர்வார்கள். ஒரு சிறுமி எழுதினாள்: ‘பதினெட்டு ஆண்டுகள் துணிக்குள் இருந்த திருவள்ளுவர் இன்று வெளியே வந்தார்.’ திறக்கப்பட்டபோது அவள் பிறந்திருக்கவே இல்லை.

‘ஏன்’ என்பதை முந்திக்கொண்டு எழுதுவது

யார், என்ன, எப்போது, எங்கே, ஏன், எப்படி என்று ஆறு கேள்விகளையும் ஒரே மூச்சில் சொல்லிக்கொடுக்கிறோம். அதில் ‘ஏன்’ மட்டும் வேறு சாதி. மற்றவற்றை நேரில் பார்த்து எழுதலாம். இதை யாரோ சொல்லித்தான் எழுத முடியும்.

2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. வகுப்பையே அழைத்துக்கொண்டு போனேன். மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்துவிட்டு வந்து பாதிப் பேர், ‘ஏரியில் விஷம் கலந்துவிட்டார்கள்’ என்று எழுதினார்கள். கலந்தவரைப் பார்த்தவர் எவரும் இல்லை. கழிவுநீர் சேரச்சேரத் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும், கோடை வெப்பத்தில் இன்னும் குறையும், மீன்கள் மூச்சுத் திணறிச் சாகும் என்று விவரம் அறிந்தவர்கள் விளக்கினார்கள். விஷம் என்பதைவிட இது சுவாரசியமான செய்தி. சொன்னவர் யார் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும், அவ்வளவுதான்.

பழைய பெறுநர்

பெங்களூரு மாநகராட்சி 2025 செப்டம்பரில் ஐந்தாகப் பிரிந்துவிட்டது. பிள்ளைகள் இன்னும் பழைய பயிற்சிப் புத்தகத்தைப் பார்த்து, இல்லாத ஆணையருக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

வீட்டு எண்ணும் கைபேசி எண்ணும்

பத்திரிகைக்குச் சரிபார்ப்பதற்காக முழு முகவரி கொடுக்கத்தான் வேண்டும். ‘அச்சிட வேண்டாம்’ என்று அதன் கீழேயே எழுதிவிடுங்கள். பெயரும் பகுதியும் வந்தால் போதும். கைபேசி எண் உங்களுடையதாக இருக்கட்டும், பிள்ளையுடையது வேண்டாம்.

வந்துவிடும் என்று வாக்குக் கொடுப்பது

கொடுக்காதீர்கள். நாய்க் கடிதத்தைப் பையனிடமே திருப்பிக் கொடுத்து, தன் கையால் எழுதியபடி அனுப்பச் சொன்னேன். தம்பிக்குக் கொஞ்சம் வருத்தம். காலண்டர் கதையைச் சொன்ன பிறகு ‘ஏராளமான’ என்பதைத் தானே அழித்தார். புதன்கிழமை அனுப்பினோம். மூன்று நாய்கள், ஒன்று கறுப்பு. பையன் பள்ளிக்குப் போகும் வழியில் சலூனில் தினமும் பேப்பர் புரட்டுகிறானாம். இன்னும் வரவில்லை.