ஒரு கட்சி இடதா வலதா என்று கண்டறிவது எப்படி

ஒரு கட்சியை இடதுசாரி என்றோ வலதுசாரி என்றோ வகைப்படுத்த விரும்புபவர், அதன் பெயரையும் கொடியின் நிறத்தையும் முழக்கங்களையும் முதலில் ஒதுக்கிவைக்க வேண்டும். இந்தியாவில் இதற்குச் சட்டத்திலேயே காரணம் இருக்கிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவின்படி, தேர்தல் ஆணையத்தில் பதிவு செய்ய விண்ணப்பிக்கும் எந்தக் கட்சியும் அரசமைப்புச் சட்டத்துக்கும், சோசலிசம், மதச்சார்பின்மை, ஜனநாயகம் ஆகிய கோட்பாடுகளுக்கும் உண்மையாக இருப்பதாகத் தன் விதிகளில் எழுதித்தர வேண்டும். தனியார்மயத்தை முழுமூச்சாக ஆதரிக்கும் கட்சியும் இந்த உறுதிமொழியைத் தந்தே தீர வேண்டும் என்பதால், 'சோசலிசம்' என்ற சொல்லை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. 1980இல் தொடங்கப்பட்ட பாரதிய ஜனதா கட்சி தன் தொடக்ககாலக் கொள்கையாக அறிவித்ததும் காந்திய சோசலிசத்தையே. அவையில் அமரும் இடமும் இந்தியாவில் உதவாது. மக்களவையில் சபாநாயகரின் வலப்பக்கம் ஆளுங்கட்சியும் இடப்பக்கம் எதிர்க்கட்சிகளும் அமர்வது மரபு என்பதால், ஆட்சி மாறும்போது பக்கமும் மாறிவிடும்.

இடது, வலது என்பவை ஒப்பீட்டுச் சொற்கள் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 1964இல் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி பிளவுபட்ட பிறகு, தமிழ்நாட்டில் ஒரு பிரிவை 'வலது கம்யூனிஸ்ட்' என்றும் மற்றதை 'இடது கம்யூனிஸ்ட்' என்றும் மக்கள் சாதாரணமாக அழைத்தார்கள். காங்கிரசோடு ஒப்பிட்டால் இரண்டுமே இடப்பக்கம் நிற்பவை. ஒன்றையொன்று அளக்கும்போது மட்டுமே அவற்றில் ஒன்று வலதாகிறது. ஆகவே யாரேனும் ஒரு கட்சியை வலதுசாரி என்று சொன்னால், யாருக்கு வலது, எந்த விஷயத்தில் வலது, எந்த ஆண்டில் வலது என்ற மூன்றையும் கேட்டுவிடுங்கள். இம்மூன்றுக்கும் விடையில்லாமல் சொல்லப்படும் முத்திரை பெரும்பாலும் வெறும் வசைதான்.

இந்தச் சொற்கள் பிறந்த இடத்தைப் பார்த்தால் அவற்றின் சாரம் புலப்படும். 1789இல் பிரான்சின் அரசமைப்பை எழுத வெர்சாயில் கூடியிருந்த தேசிய மன்றத்தில், மன்றம் நிறைவேற்றும் சட்டத்தைத் தடுத்து நிறுத்தும் அதிகாரம் மன்னருக்கு இருக்க வேண்டுமா என்ற கேள்வி எழுந்தபோது, இருக்க வேண்டும் என்றவர்கள் மன்றத் தலைவரின் வலப்பக்கமும், கூடாது என்றவர்கள் இடப்பக்கமும் திரண்டு அமர்ந்தார்கள். இருக்கும் ஏற்றத்தாழ்வைக் காப்பதா, குறைப்பதா என்பதே அந்தப் பிரிவின் அடியில் கிடந்த கேள்வி. ஏற்றத்தாழ்வுகளில் பெரும்பகுதி மனிதர் உண்டாக்கியவை, ஆகவே சட்டத்தாலும் கூட்டு முயற்சியாலும் அவற்றைக் குறைக்க முடியும், குறைக்கவும் வேண்டும் என்பது இடதின் நம்பிக்கை. உழைப்பிலும் திறமையிலும் உள்ள வேறுபாட்டிலிருந்தே பல ஏற்றத்தாழ்வுகள் வருகின்றன, நெடுங்காலம் நிலைத்த அமைப்புகளில் அனுபவத்தின் அறிவு பொதிந்திருக்கிறது, சமத்துவத்தின் பெயரால் அவற்றை அவசரமாக இடித்தால் சுதந்திரமும் சேர்ந்து இடியும் என்பது வலதின் நம்பிக்கை. இரண்டையும் அந்தந்தப் பக்கத்தார் 'ஆம், நாங்கள் சொல்வது இதுதான்' என்று ஒப்புக்கொள்ளும்படி சொல்லிப் பழகுவது மிகவும் அவசியம் என்று நான் கருதுகிறேன். எதிர்ப்பக்கத்தைக் கேலிச்சித்திரமாக மட்டுமே அறிந்தவரால் எந்தக் கொள்கையையும் சரியான இடத்தில் வைக்க முடியாது.

இப்போது ஒரு தாளை எடுத்து, குறுக்காக ஒரு கோடும் நெடுக்காக ஒரு கோடும் வரைந்துகொள்ளுங்கள். குறுக்குக் கோடு பொருளாதாரத்துக்கு உரியது. அதன் இடமுனை பொதுவுடைமை, வலமுனை கட்டற்ற சந்தை. நெடுக்குக் கோடு சமூகத்துக்கு உரியது; மேல்முனை மரபைக் காப்பது, கீழ்முனை மரபை மாற்றுவது. இந்தத் தாளில் கட்சிகளைக் குறிக்காமல், கட்சிகள் எடுத்த முடிவுகளை ஒவ்வொரு புள்ளியாகக் குறித்து, பக்கத்தில் ஆண்டையும் எழுதுங்கள். ஒரு கட்சியின் புள்ளிகள் பல ஆண்டுகளாக எங்கே நெருக்கமாகச் சேர்கின்றனவோ, அதுவே அந்தக் கட்சியின் இடம்.

குறுக்குக் கோட்டில் குறிக்க மூன்று கேள்விகள் போதும்: பணம் யாரிடமிருந்து வருகிறது, யாருக்குப் போகிறது, நிர்வாகம் யார் கையில்? பிரிட்டனின் வரலாறு இதற்குத் தெளிவான பயிற்சி. 1945இல் கிளெமென்ட் அட்லி தலைமையில் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி 1947இல் நிலக்கரிச் சுரங்கங்களையும் 1948இல் ரயில்வேயையும் அரசுடைமையாக்கியது. 1948 ஜூலை 5 அன்று வரிப்பணத்தில் நடக்கும் தேசிய சுகாதார சேவையைத் தொடங்கியது. 1979இல் பிரதமரான மார்கரெட் தாட்சரின் ஆட்சி, சம்பாதித்த வருமானத்தின் மீதான உச்ச வரியை முதல் பட்ஜெட்டிலேயே 83 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 1988இல் 40 ஆகவும் குறைத்தது. 1984இல் பிரிட்டிஷ் டெலிகாம் நிறுவனப் பங்குகளில் பாதிக்கு மேல் விற்றது. அதே 1979 பட்ஜெட்டில், எல்லாரும் வாங்கும் பொருள்களின் மீதான மதிப்புக் கூட்டு வரி 15 சதவீதமாக உயர்த்தப்பட்டதையும் சேர்த்துப் படியுங்கள். வருமான வரி குறைந்து நுகர்வு வரி கூடும்போது, சுமை ஏழைகள் பக்கம் நகர்கிறது என்று இடதுசாரி சொல்வார். உழைத்து ஈட்டுவதைத் தண்டிக்காமல் செலவழிப்பதற்கு வரி விதிப்பதே முறை என்று வலதுசாரி சொல்வார். எண்கள் ஒன்றே, பிரிவது மதிப்பீட்டில்தான். அதனால்தான் தேர்தல் அறிக்கையைவிட பட்ஜெட்டைப் படிப்பது பலன் தரும்.

இந்தியாவில் ஒரே கட்சியின் புள்ளிகள் எவ்வளவு விலகிப் போகக்கூடும் என்பதைக் காங்கிரஸ் காட்டும். 1969 ஜூலை 19 அன்று இந்திரா காந்தியின் அரசு 14 பெரிய வங்கிகளை அரசுடைமையாக்கியது. அந்தப் புள்ளி இடப்பக்கம் வெகுதூரத்தில் விழும். 1991இல் நரசிம்ம ராவ் பிரதமராகவும் மன்மோகன் சிங் நிதியமைச்சராகவும் இருந்த காங்கிரஸ் அரசுதான், தொழில் தொடங்க அரசின் அனுமதி பெற வேண்டிய உரிம முறையின் பெரும்பகுதியை நீக்கி, அந்நிய முதலீட்டுக்குக் கதவைத் திறந்தது. இவ்விரண்டையும் ஒரே நிறத்தில் குறித்துப் பார்த்தால், 'காங்கிரஸ் இடதா வலதா' என்ற கேள்விக்கு ஆண்டு சொல்லாமல் விடை கூற முடியாது என்பது விளங்கும்.

ஏழைகளுக்குச் செலவழிப்பதாலேயே ஓர் அரசு இடதுசாரி ஆகிவிடாது. ஜெர்மனியில் 1883இல் தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டையும் 1889இல் முதியோர் ஓய்வூதியத்தையும் கொண்டுவந்தவர் அந்நாட்டின் தலைமை அமைச்சரும் பழமைவாதியுமான பிஸ்மார்க். சோசலிஸ்டுகளின் கூட்டங்களையும் பத்திரிகைகளையும் ஒடுக்கும் சட்டத்தை 1878இல் இயற்றியவரும் அவரே. உதவி தருவதன் நோக்கம் இருக்கும் அமைப்பை நிலைநிறுத்துவதா, மாற்றுவதா என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. கூட்டணியை வைத்தும் முடிவு செய்யாதீர்கள். அனுமதி, உரிமம், ஒதுக்கீடு என்று அரசு எல்லாவற்றையும் கட்டுப்படுத்துவதை எதிர்த்து 1959இல் ராஜாஜி முதலானோர் தொடங்கிய சுதந்திராக் கட்சியும், மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியும் 1967 தேர்தலில் திமுகவின் ஒரே அணியில் நின்றன.

நெடுக்குக் கோடுதான் நம் ஊரில் அதிக கவனம் கேட்பது. சாதி, மதம், மொழி, பெண்ணுரிமை ஆகிய அனைத்தும் அதன்மேல் விழுகின்றன. ராஜாஜியின் புள்ளிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். 1953இல் அவர் ஆட்சி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், பள்ளி நேரத்தைக் குறைத்து எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வகைசெய்தது. குலக்கல்வி என்று அதை எதிர்த்து மாபெரும் போராட்டம் எழ, 1954இல் காமராஜர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. அந்தப் புள்ளி மேலே விழும். ஆனால் ஒடுக்கப்பட்ட மக்கள் கோயிலுக்குள் நுழைவதற்குச் சட்டப் பாதுகாப்பு தந்த 1939ஆம் ஆண்டின் ஏற்பாடும் ராஜாஜியின் முந்தைய ஆட்சிக்காலத்தது. அது கீழே விழும். நேர்மையாகக் குறிப்பவர் இரண்டையும் குறித்தாக வேண்டும். பெரியாரின் சுயமரியாதை இயக்கம் இந்தக் கோட்டின் கீழ்முனையில் உறுதியாக நின்றது. 1923இல் சென்னையில் மே தினம் கொண்டாடிய பொதுவுடைமைவாதி சிங்காரவேலரோடு சேர்ந்து 1932இல் ஈரோட்டுத் திட்டம் என்ற சோசலிச வேலைத்திட்டத்தை உருவாக்கியபோது, குறுக்குக் கோட்டிலும் அது இடமுனையை நோக்கி நகர்ந்தது.

இரண்டு கோடுகளும் சேர்ந்தே நகரும் என்று நம்பிவிடக் கூடாது. இதை வலியோடு கற்றுக்கொண்டவர்கள் இலங்கைத் தமிழர்கள். 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் வந்தபோது, இரு மொழிக்கும் சம உரிமை மறுத்தால் நாடே இரண்டாகும் என்று நாடாளுமன்றத்தில் எச்சரித்தவர் இடதுசாரிக் கட்சியான லங்கா சமசமாஜக் கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா. அவரே அரசமைப்பு விவகார அமைச்சராக இருந்து கொண்டுவந்த 1972ஆம் ஆண்டு அரசமைப்பு, சிங்களத்தை ஆட்சிமொழியாக உறுதிசெய்து, பௌத்தத்துக்கு முதன்மை இடத்தையும் வழங்கியது. பெருந்தோட்டங்களை அரசுடைமையாக்கியதும் அவர் இடம்பெற்றிருந்த அதே அரசுதான். பொருளாதாரத்தில் இடமுனை, இன உரிமையில் மேல்முனை: ஒற்றைக் கோடு மட்டும் வரைந்திருந்தால் இந்த முரண் நம் கண்ணில் பட்டிருக்காது.

நாடு மாறினால் சொல்லின் பொருளும் மாறும் என்பதையும் கவனியுங்கள். அமெரிக்காவில் ஒருவரை 'லிபரல்' என்றால் இடப்பக்கம் சாய்ந்தவர் என்று பொருள். இங்கே 'தாராளமயம்' என்றால் சந்தைக்கு வழிவிடும் வலப்பக்கக் கொள்கை. அங்கிருந்து வரும் கட்டுரைகளை இங்கே பொருத்திப் படிப்பவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

வழிமுறை கைவந்ததா என்று பார்க்க, கடினமான ஒன்றைக் குறித்துப் பாருங்கள். பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு 10 சதவீதம் வரை இடஒதுக்கீடு தர வழிசெய்யும் அரசமைப்பின் 103ஆவது திருத்தத்தை 2019 ஜனவரியில் பாஜக அரசு கொண்டுவந்தது. மக்களவையில் 323 பேர் ஆதரித்தார்கள், 3 பேர் எதிர்த்தார்கள். மார்க்சிஸ்ட் கட்சி ஆதரித்தது, திமுக மாநிலங்களவையில் எதிர்த்தது. வறுமையை அளவுகோலாக்கியதால் இது இடதுசாரிக் கொள்கையா? பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோரில் உள்ள ஏழைகளை விலக்கியதால் சமூக ஏற்றத்தாழ்வைக் காக்கும் கொள்கையா? வர்க்கத்தை முதன்மையாகக் காண்பவரும் சாதியை முதன்மையாகக் காண்பவரும் புள்ளியை வெவ்வேறு இடத்தில் வைப்பார்கள். என் கணிப்பில் குறுக்குக் கோட்டில் அது நடுவுக்குச் சற்று இடமாகவும், நெடுக்குக் கோட்டில் தெளிவாக மேலேயும் விழுகிறது. 2022 நவம்பர் 7 அன்று உச்சநீதிமன்றம் 3க்கு 2 என்ற கணக்கில் இத்திருத்தத்தை ஏற்றது. இரு தரப்பு நீதிபதிகளும் தத்தம் காரணங்களை விரிவாக எழுதியிருக்கிறார்கள். திருத்தத்தை ஆதரிப்பவர் மாறுபட்ட இருவரின் தீர்ப்பையும், எதிர்ப்பவர் பெரும்பான்மைத் தீர்ப்பையும் முதலில் படித்துவிட்டு, அதன் பிறகு தம் புள்ளியை வைப்பது நல்லது.