பூக்கேட்கப் போகும் முன்

எங்கள் காங்கேயம் பக்கத்தில் குலதெய்வக் கோயிலில் பூக்கேட்காமல் பெரிய காரியம் எதிலும் இறங்க மாட்டோம். வெள்ளரளி ஒன்று, செவ்வரளி ஒன்று. ஒரே அளவுத் தாளில் தனித்தனியாக மடித்து, சாமி காலடியில் போட்டு, விவரம் தெரியாத குழந்தையை விட்டு ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொல்வோம். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் இல்லை. வரன் முடிக்க, கிணறு வெட்ட, கடை வைக்க, எல்லாவற்றுக்கும் இதுதான்.

அந்த வழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. இன்றைக்கும் நான் பூக்கேட்கிறேன். ஆனால் வெளியே வந்து ‘சாமி சொல்லிருச்சு’ என்கிறோமே, அதில் சாமி எவ்வளவு, நாம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கச் சில வழிகள் இருக்கின்றன. அவற்றை நான் தெரிந்துகொண்டது காலம் கடந்த பிறகு. அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2009இல் என் மகள் பிளஸ் டூ முடித்தாள். சென்னையில் ஒரு கல்லூரியில் கணிதம் படிக்க இடம் கிடைத்தது. எனக்கு அவளை அனுப்ப மனசில்லை. கொழுந்தனாரின் ஐந்து வயதுப் பையனைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். வெள்ளை வந்தது. ‘விடுதியில் தங்குவாள் என்று சொல்லாமல் கேட்டுவிட்டோமே’ என்று அதையும் சேர்த்து மறுபடி கேட்டேன். அப்போதும் வெள்ளை. ‘இந்த வருஷமே போகத்தான் வேணுமா சாமி?’ என்று மூன்றாம் முறை கேட்டேன். சிவப்பு வந்தது. நிம்மதியாக விழுந்து கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, “சாமி உத்தரவு குடுக்கல கண்ணு” என்றேன். பக்கத்து ஊர்க் கல்லூரியில் சேர்ந்தாள்.

2016இல் அவள் கல்யாணத்துக்கு முந்தின நாள் ராத்திரி, மருதாணி வைத்த கையோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னாள்: “அம்மா, சாமி ரெண்டு தடவ போன்னு சொல்லுச்சாமா. தம்பி அன்னைக்கு சாயந்தரமே எங்கிட்டச் சொல்லிட்டான்.” ஏழு வருஷம் மனசுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறாள்.

அன்றைக்கு நான் தெரிந்தே பொய் சொல்லவில்லை. மூன்றாவது பூவைப் பார்த்தபோது, இதுதான் சாமியின் வாக்கு, முதல் இரண்டும் என் கேள்வியின் பிழை என்று உள்ளபடியே நம்பினேன். மனசாட்சி உறுத்தவே இல்லை. உறுத்தினால் அங்கேயே நின்றிருப்பேன். நம் ஆசை சாமியின் குரலில் பேசும்போது அது ஆசை மாதிரியே தெரியாது, உத்தரவு மாதிரித்தான் கேட்கும். அதனால் மனசை நம்பிப் பயனில்லை என்று ஒரு நோட்டுப் போட்டேன். நாற்பது பக்க நோட்டு போதும்.

கோயிலுக்குப் புறப்படும் முன், வீட்டிலேயே உட்கார்ந்து, எந்தப் பூ வர வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்கள் என அந்த நோட்டில் எழுதுங்கள். ‘எது வந்தாலும் சரி’ என்று எழுதாதீர்கள். எது வந்தாலும் சரி என்பவர் பஸ் ஏறிக் கோயிலுக்குப் போக மாட்டார். ‘செவ்வரளி வரணும், அவளைப் பிரிந்து என்னால் இருக்க முடியாது’ என்று காரணத்தோடு எழுதுங்கள். 2009இல் இந்த ஒரு வரியை எழுதியிருந்தால் இரண்டாம் முறை கேட்கக் கை கூசியிருக்கும்.

அதன் கீழே கேள்வியை எழுதுங்கள். கோயிலில் அதை எழுத்து மாறாமல் வாசியுங்கள். ஒரு தடவைதான் கேட்பேன் என்று முன்னாலேயே பூசாரியிடம் சொல்லிவிடுங்கள். சில ஊரில் மூன்று முறை கேட்பது வழக்கம். அப்படியானால் மூன்றில் எத்தனை வந்தால் உத்தரவு என்று முதல் பொட்டலத்தை எடுக்கும் முன் பேசி முடித்துவிட வேண்டும். பூ வந்த பிறகு விதியை மாற்றுகிற இடத்தில்தான் நாம் சாமியின் நாற்காலியில் ஏறி உட்காருகிறோம்.

வந்த பூவுக்கு என்ன பொருள் என்பதையும் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். சிவன்மலை முருகன் கோயிலில் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி இருக்கிறது. பக்தர் ஒருவர் கனவில் முருகன் ஒரு பொருளைச் சொல்ல, கோயிலில் பூக்கேட்டு உறுதிசெய்து, அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்கள். அடுத்த கனவு வரும்வரை அந்தப் பொருள்தான் பெட்டியில் இருக்கும். நான் சின்ன வயதிலிருந்து அந்த மலை ஏறுகிறேன். தண்ணீர் வைத்திருந்தால் வெள்ளம் என்பவரும் உண்டு, நல்ல மழை என்பவரும் உண்டு. மஞ்சள் வைத்தால் விலை ஏறும் என்பார் விளைவித்தவர், இறங்கும் என்பார் வாங்குகிறவர். கடைசியில் எது நடந்ததோ அதைத்தான் முருகன் சொன்னார் என்று ஊர் பேசும். பெட்டியைக் கும்பிடுவதில் எனக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. அதை வைத்து நிலம் வாங்கவோ விற்கவோ போகிறவர், தாம் அதை எப்படி வாசிக்கிறோம் என்பதைத் தேதி போட்டு எழுதி வைத்துவிட்டுப் போகட்டும்.

இதுவரை சொன்னது கேட்கும் முறை. இனி கேட்கப்படுகிற சாமி.

ஒரு பக்கத்தில் உங்கள் சாமிக்குப் பிடித்தவை, பிடிக்காதவை என்று மனசில் தோன்றுகிற வரிசையிலேயே பத்துப் பத்து எழுதுங்கள். யோசித்து அழகுபடுத்த வேண்டாம். நான் எழுதிய ‘பிடிக்காதவை’ இப்படிப் போயிற்று: சத்தம், சுத்தமின்மை, நேரம் தவறுவது, பெரியவர்களை எதிர்த்துப் பேசுவது, பெண் பிள்ளைகள் தூரம் தொலைவு போவது. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்தவள் நான். என் சாமியும் வரிசையில் நிற்பவர்களைத்தான் விரும்பினார்.

அதே கேள்வியை வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் விவசாயி. கொட்டுச் சத்தம் கேட்டால்தான் சாமிக்குச் சந்தோஷம் என்றார். எடை குறைத்துப் போடுகிறவனைச் சாமிக்குப் பிடிக்காது, தண்ணி கேட்டு இல்லை என்று சொல்பவனைப் பிடிக்காது. அவ்வளவுதான். பெண் பிள்ளை எங்கே போய்ப் படிக்கிறது என்பதெல்லாம் அவருடைய சாமியின் கணக்கிலேயே இல்லை. ஒரே கல், ஒரே பேர், ஒரே நாள் பொங்கல். இருபத்தைந்து வருஷம் ஒன்றாகக் கும்பிட்டிருக்கிறோம். இது தெரியாமல் போயிற்றே என்று அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதனால் இந்தப் பயிற்சியைத் தனியாகச் செய்யாதீர்கள். வீட்டில் இன்னொருவரையும் எழுதச் சொல்லுங்கள், முக்கியமாக வீட்டில் குறைவாகப் பேச விடப்படுகிறவரை. மருமகளின் சாமியும் மாமியாரின் சாமியும் எங்கே பிரிகிறார்கள் என்று பார்த்தாலே பாதி விளங்கிவிடும்.

இது எங்கள் வீட்டுக்கு மட்டும் உள்ள குணம் இல்லை. அமெரிக்காவில் நிக்கோலஸ் எப்லி என்ற உளவியலாளரும் உடன் பணியாற்றியவர்களும் 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கருக்கலைப்பு, மரண தண்டனை போன்ற விஷயங்களில் உங்கள் கருத்து என்ன, கடவுளின் கருத்து என்ன, மற்றவர்களின் கருத்து என்னவாக இருக்கும் என்று நம்பிக்கை உள்ளவர்களிடம் கேட்டார்கள். கடவுளின் கருத்தாகச் சொன்னதுதான் அவரவர் சொந்தக் கருத்தோடு மிகவும் ஒட்டியிருந்தது. வாதங்களைக் காட்டி ஒருவரின் கருத்தைக் கொஞ்சம் நகர்த்தினால், அவர் சொல்லும் கடவுளின் கருத்தும் கூடவே நகர்ந்தது. 2018இல் வெளிவந்த இன்னோர் ஆய்வில் 511 அமெரிக்கக் கிறிஸ்தவர்களிடம் இரண்டிரண்டு முகங்களாகக் காட்டி, கடவுள் முகம் எதுவாக இருக்கும் என்று தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். வயது குறைந்தவர்கள் இளமையான முகத்தை எடுத்தார்கள். தாராளவாதிகளின் கடவுள் கனிவாகத் தெரிந்தார், பழமைவாதிகளின் கடவுள் வலுவாகத் தெரிந்தார். குதிரைக்கும் மாட்டுக்கும் வரையக் கை இருந்தால் அவையும் தம் உருவத்திலேயே கடவுளை வரையும் என்று கிரேக்கத் தத்துவஞானி செனோஃபனீஸ் சொல்லி இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷம் ஆகிறது.

நம் பக்கத்தில் பொய்கையாழ்வார் இதையே வேறு விதமாகப் பார்த்தார். ‘தமருகந்தது எவ்வுருவம் அவ்வுருவம் தானே’ என்றார். தம் அடியார் எந்த உருவத்தை விரும்புகிறார்களோ அதுவே தன் உருவம், எந்தப் பேரை விரும்புகிறார்களோ அதுவே தன் பேர் என்று இறங்கி வருகிறவர் பெருமாள். நான் இதை முழுசாக நம்புகிறேன். ஆழ்வார் அங்கே பாடியது உருவத்தையும் பேரையும் எண்ணத்தில் கொள்ளும் வண்ணத்தையும்தான். நாம் எடுக்கிற முடிவுக்கெல்லாம் பெருமாள் கையெழுத்துப் போட்டுத் தருவார் என்று எனக்கு அந்தப் பாட்டில் படவில்லை. குறளோ நாலாம் பாட்டிலேயே கடவுளை ‘வேண்டுதல் வேண்டாமை இலான்’ என்கிறது. விருப்பும் வெறுப்பும் இல்லாதவர். நாமோ வேண்டுதல் என்றாலே நேர்ச்சை என்று ஆக்கிக்கொண்டோம்.

ஊர்ச் சாமிகளையும் இந்தக் கண்ணோடு ஒரு தடவை சுற்றிப் பாருங்கள். என்ன கேட்டு இந்தச் சாமியிடம் முதலில் வந்திருப்பார்கள், இப்போது என்ன கேட்கிறார்கள் என்று விசாரியுங்கள். வேப்பிலை, கூழ், மஞ்சள் தண்ணீர் என்று மாரியம்மனுக்குச் செய்வதெல்லாம் குளிர்ச்சிதான். அம்மை போட்ட உடம்புக்கு என்ன வேண்டுமோ அதுவே அம்மனுக்கும். பெரியம்மை ஒழிந்துவிட்டது என்று 1980இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அம்மன் போகவில்லை. குழந்தை வரம், வேலை, கடன் என்று இப்போது அவளிடம் போவதே வேறு கேள்விகள். கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் இருக்கிறாள். 2021இல் இருகூரில் கொரோனா தேவி என்று கருங்கல் சிலை செய்து பூஜை நடந்தது. ஹைதராபாத் பக்கம் சில்கூர் பாலாஜி கோயிலில் விசா கிடைக்க வேண்டிக்கொண்டு, கிடைத்ததும் 108 சுற்றுச் சுற்றுகிறார்கள். பயந்து நின்ற மனுஷர் ஒரு தாயைத் தேடினார்கள் என்பதில் கேலி செய்ய எதுவும் இல்லை.

எனக்கு வலிக்கிற இடம் வேறு. தனக்காக ஒன்றைக் கேட்பது ஒன்று, ‘சாமிக்கு ஆகாது’ என்று இன்னொருவரைத் தடுப்பது இன்னொன்று. 1939 ஜூலை 8ஆம் தேதி மதுரைக் காந்தியவாதி வைத்தியநாதய்யர் ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துக்கொண்டு மதுரை மீனாட்சி கோயிலுக்குள் போனார். அதுவரை அவர்கள் வருவது அம்மனுக்கு ஆகாது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். போன பிறகும் எதிர்த்தவர்களில் சிலர், மீனாட்சி கோயிலை விட்டு வெளியேறிவிட்டாள் என்று சொல்லி வேறோர் இடத்தில் தனியாக வழிபாடு நடத்தினார்கள். தங்களுக்குப் பிடிக்காத இடத்தில் அம்மனும் இருக்க மாட்டாள் என்று அவர்கள் மனதார நம்பியிருப்பார்கள். என் மூன்றாவது பூவும் இந்த வகைதான். அளவுதான் சின்னது.

ஆகவே நோட்டின் கடைசிப் பக்கத்துக்கு ஒரே கேள்வி: இந்த உத்தரவால் யார் தடைபட்டு நிற்கிறார்கள், யாருக்கு நிம்மதி? தடைபட்டு நிற்பவர் வேறு, நிம்மதி உங்களுக்கு என்றால் அந்தப் பூவை அறிவிக்காதீர்கள். நீங்கள் முதலில் எழுதிய வரியை, யாரைப் பற்றிக் கேட்டீர்களோ அவரிடமே வாசிக்கக் கொடுங்கள். இத்தனை வழிகளிலும் இதுதான் கஷ்டம். அறுபது வயதில் எனக்குக் கை நடுங்கியது.

2023இல் மகளுக்குக் கோயம்புத்தூரில் நல்ல வேலை வந்தது. மாப்பிள்ளைக்குச் சம்மதம். பேத்தியைப் பிரிய எனக்குத்தான் மனசு வரவில்லை. “பூக்கேட்டுப் பாக்கலாம்மா” என்று அவளே சொன்னாள். புறப்படும் முன், ‘செவ்வரளி வரணும், பேத்தி என் கூடவே இருக்கணும்’ என்று எழுதி, தாளைக் கிழித்து அவளிடம் கொடுத்தேன். ஒரே தடவைதான் என்று பூசாரியிடம் சொன்னோம். பேத்தி பொட்டலத்தை எடுத்தாள். சிவப்பு.

ரெண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். தாள் அவள் கையில் இருந்தது. “சாமி சொன்னதும் நான் ஆசப்பட்டதும் ஒண்ணா வந்திருக்குது கண்ணு. இதுல எது எதுன்னு எனக்குத் தெரியல. நீயே முடிவு பண்ணிக்க” என்றேன். அவள் ரொம்ப நேரம் பேசவில்லை. சாமி முன்னால் போய் நின்று கும்பிட்டாள். என்ன சொல்லிக் கும்பிட்டாள் என்று நான் கேட்கவில்லை. தாளை மடித்துத் திருநீற்றோடு கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

ஜூனில் கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்தாள். சனிக்கிழமை மத்தியான பஸ்ஸில் பேத்தியோடு வந்து, ஞாயிறு சாயந்தரம் திரும்பிப் போகிறாள்.